பாஸ் சண்டை கடினமா, அநியாயமா? கேள்வி பதில்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கோத்தகிரியில் வெளியே தலை காட்ட முடியாது. அதனால்தான் இந்த ஞாயிறு முழுக்க, ஜப்பானிய ஆர்.பி.ஜி. (கதாபாத்திரங்களை வளர்த்து ஆடும்) வீடியோ விளையாட்டுகளின் பாஸ் சண்டைகளை, அதாவது பெரிய எதிரிகளோடு மோதும் சண்டைகளைப் பற்றி யார் என்ன கேட்டாலும் பதில் சொல்வதாக நம் குழுவில் சொல்லியிருந்தேன். பகலில் தேயிலை ஃபேக்டரியில் கொழுந்துக் கணக்கு, இரவில் விளையாட்டு. பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ் 2) காலத்திலிருந்தே இப்படித்தான். தொடங்கும் முன் ஒன்று: எந்த விளையாட்டானாலும் இரண்டு சேவ் (சேமித்த கோப்பு) வைத்துக்கொள்ளுங்கள். மாற்றி மாற்றிச் சேமியுங்கள்.

குன்னூர், கல்லூரி மாணவி: அக்கா, கடினமான பாஸுக்கும் அநியாயமான பாஸுக்கும் என்ன வித்தியாசம்? தோற்றுப்போனால் எனக்கு எல்லாமே அநியாயமாகத்தான் தெரிகிறது.

தோற்ற உடனே நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். என்னைக் கொன்றது எது என்று புரிந்ததா? அதைத் தடுக்கும் வழி சண்டைக்கு முன்பே என் கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது கடினம், அவ்வளவுதான். இல்லை என்றால் அநியாயம். அப்புறம் மூன்றாவதாக ஒன்று, பலர் கவனிக்காதது: மறுபடி சண்டைக்குள் போக எத்தனை நிமிடம் ஆகிறது?

ஃபைனல் ஃபேண்டஸி 10 (2001) யுனலெஸ்காவை எடுத்துக்கொள். அவளுக்கு மூன்று உருவம். இரண்டாவது உருவத்தில் நம் ஆட்களை ஸாம்பி ஆக்குவாள். ஸாம்பி ஆனவருக்கு வைத்திய மந்திரம் போட்டால் உயிர் ஏறாது, குறையும். அதனால் யாராக இருந்தாலும் அவசரமாக ஹோலி வாட்டர் எடுத்து எல்லோரையும் பழையபடி ஆக்கிவிடுவோம். மூன்றாவது உருவம் வந்ததும் அவள் போடுவது மெகா டெத். ஸாம்பி இல்லாத எல்லோரும் அங்கேயே சாவார்கள். ஒருமுறை செத்துப் பார்க்காமல் இது யாருக்குத் தெரியும்? செத்தால் சண்டைக்கு முன்னால் வரும் நீளமான காட்சியை முதலிலிருந்து பார்க்க வேண்டும். பிஎஸ் 2 பதிப்பில் அதைத் தாண்ட வழியே கிடையாது. மெகா டெத்தை நான் மன்னித்துவிட்டேன். யோசித்துச் செய்த யுக்தி அது. அந்தக் காட்சியை இன்றுவரை மன்னிக்கவில்லை.

அருவங்காடு: கிங்டம் ஹார்ட்ஸ் முதல் பாகத்தில் ஸெஃபிராத்தை ஜெயிக்க எத்தனை லெவல் வேண்டும்?

லெவலை விடுங்கள். உங்கள் உயிரை ஒன்றுக்கும் மந்திர சக்தியைப் பூஜ்யத்துக்கும் இறக்கும் தாக்குதல் ஒன்று அவனிடம் இருக்கிறது. அதற்கு முன் குரல் கொடுப்பான். குரல் கேட்டதும் பாய்ந்து அடித்தால் நின்றுவிடும். எட்டவில்லை என்றால் அடுத்த நொடியே எலிக்ஸர் என்ற மருந்து. மந்திரத்தை நம்பாதீர்கள், சக்தி இருக்காது. கதைக்கு அவன் தேவையும் இல்லை, விருப்பப்பட்டவர்கள் போகும் சண்டை. அதனால் அவனை அநியாயம் என்று சொல்ல மாட்டேன்.

வெலிங்டன்: ஷின் மெகாமி டென்செய் 3: நாக்டர்ன் விளையாடுகிறேன். மாட்டடோரிடம் பதினொரு முறை செத்துவிட்டேன். நான் அடிப்பது எதுவும் படுவதில்லை. இதைவிட அநியாயமான பாஸ் உண்டா அக்கா?

தம்பி, எனக்குத் தெரிந்து மிக நியாயமான பாஸ்களில் அவனும் ஒருவன். கோபப்படாமல் படி.

அந்த விளையாட்டில் நால்வர் நின்றால் நம் முறையில் நமக்கு நான்கு ஐகான், அதாவது நான்கு வாய்ப்பு. எதிரியின் பலவீனத்தைப் பார்த்து அடித்தால் அரை ஐகான்தான் செலவு. அடி தவறினால் இரண்டு போய்விடும். ஆக, இரண்டே இரண்டு அடி தவறினால் நம் முறை முடிந்தது. மாட்டடோர் ரெட் கபோட் என்ற திறமையைப் போடும்போது அவன் விலகும் திறனும் குறிபார்க்கும் திறனும் ஒரே தாவலில் உச்சத்துக்குப் போகும், அதாவது நான்கு படி. இப்போது நீ வாளை வீசினால் காற்றில்தான் போகும். அப்புறம் அவன் மஸான் என்ற காற்று மந்திரத்தை எல்லோர் மேலும் போடுவான். காற்றுக்கு பலவீனமான டீமன் (நாம் அணியில் சேர்த்துக்கொள்ளும் பேய்) ஒன்று உன் அணியில் நின்றாலும், அதே அரை ஐகான் கணக்கு அவனுக்குச் சாதகமாகி, கூடுதலாக ஒரு முறை அடிப்பான்.

நீ செய்ய வேண்டியது: சுகுண்டா, எதிரியின் அந்த இரண்டு திறனையும் இறக்கும் மந்திரம். ஒருமுறை போட்டால் ஒரு படி இறங்கும். நான்கு முறை போட்டால் அவன் சாதாரண மனிதன். கூடவே உன் பக்கம் அதே திறன்களை ஏற்றும் சுகுகாஜா. காற்று ஏறாத ஹிஃபுமி என்ற மகதாமாவை (கதாநாயகனுக்குச் சக்தி தரும் பொருள்) அணிந்துகொள். காற்றுக்கு பலவீனமான டீமனை வெளியே அனுப்பு. அடிப்பதைப் பற்றி அதற்கு அப்புறம் யோசி.

கூடலூர்: பிஎஸ் 2 டிஸ்க்கைப் படிக்க மறுக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் இப்படி. என்ன செய்வது?

இது பாஸ் கேள்வி இல்லை, ஆனாலும் நம் மலையின் கேள்வி. லென்ஸில் ஈரம் ஏறுகிறது. விளையாடாத நாளில் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். மெமரி கார்டையும் சேர்த்து. இன்னொன்று: காற்று வீசும் இரவில் சேமிக்கும்போது கரண்ட் போனால் அந்தக் கோப்பு கெட்டுவிடும். அதனால்தான் சொல்கிறேன், இரண்டு சேவ்.

வெலிங்டன்: சுகுண்டா போடுகிற டீமன் என்னிடம் இல்லை. வேண்டும் என்று விளையாட்டு எங்கேயும் சொல்லவும் இல்லை. அப்படியானால் உங்கள் இரண்டாவது அளவுகோல்படியே அநியாயம்தானே?

நல்ல கேள்வி. ஆனால் யாரும் உன்னிடமிருந்து மறைக்கவில்லை. அந்த மந்திரம் தெரிந்த டீமன்களை அதற்கு முன்பே பேசிச் சேர்த்துக்கொள்ளலாம், இணைத்து உருவாக்கலாம். நீ ஏன் எடுக்கவில்லை தெரியுமா? மற்ற விளையாட்டுகள் நமக்கு ஒரு பழக்கத்தை ஊட்டியிருக்கின்றன. விஷம், தூக்கம், மௌனம், எது போட்டாலும் பெரிய பாஸ்களுக்கு ஏறாது என்று இருபது மணி நேரம் காட்டிவிட்டால், அந்த மந்திரங்களை நாம் திரும்பியே பார்க்க மாட்டோம். மாட்டடோர் அந்தப் பழக்கத்தைத்தான் உடைக்கிறான். அவனுக்கு அப்புறம் நீ எந்த பாஸிடம் போனாலும் முதல் முறையிலேயே சுகுண்டா போடுவாய்.

பழக்கம் நம்மை எப்படி ஏமாற்றும் என்பதற்கு இன்னொன்று: ஃபைனல் ஃபேண்டஸி 10இல் ககஸெட் மலைமேல் வரும் ஸீமோர் ஃப்ளக்ஸ். 70,000 உயிர். எத்தனையோ பேர் அங்கே மாதக்கணக்கில் நின்றிருக்கிறார்கள். அவனுக்கு விஷம் ஏறும். ஒவ்வொரு முறையும் 1,400 தானாகக் குறையும். பாஸுக்கு விஷமா என்று யாரும் முயன்றே பார்ப்பதில்லை.

கொடைக்கானல்: நான் வெலிங்டன் தம்பி பக்கம். மாட்டடோர் 2003இல் வந்த முதல் பதிப்பில் கிடையாது. 2004இல் வந்த மேனியாக்ஸ் பதிப்பில்தான் சேர்த்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பாதையில் பின்னால் கொண்டுவந்து வைத்த பாறை அவன்.

சேர்த்தார்கள் என்பது உண்மை. முதல் பதிப்பில் மாட்டடோர் சேர்ந்த ஃபீண்ட் என்ற பாஸ் கூட்டமே இல்லை. ஆனால் பின்னால் வந்ததாலேயே ஒன்று அநியாயம் ஆகிவிடுமா? முதல் பதிப்பு விளையாடியவர்கள் சுகுண்டா இல்லாமலே வெகுதூரம் போய், பின்பகுதியில் மொத்தமாக அடிவாங்க முடிந்தது. மாட்டடோர் அந்தப் பாடத்தைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தான். ஐந்து மணி நேரத்தில் வாங்கும் அடி ஐம்பது மணி நேரத்தில் வாங்கும் அடியைவிட நல்லது.

கொடைக்கானல்: சரி, மாட்டடோரை விடுங்கள். கதாநாயகன் செத்தால் மூன்று டீமன்கள் உயிரோடு நின்றாலும் ஆட்டம் முடிந்தது என்கிறார்களே, அதற்கு என்ன சொல்வீர்கள்? எழுப்பிவிடும் மந்திரம் டீமனுக்குத் தெரியும், போடத்தான் விடமாட்டார்கள்.

இதில் நீங்கள் சொல்வதுதான் சரி, முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். வழியில் எதிர்ப்படும் ஒரு சின்ன எதிரி மூடோ என்ற உடனே கொல்லும் மந்திரம் போட்டு, அது கதாநாயகன் மேல் பலித்தால், கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து செய்தது அத்தனையும் போச்சு. நான் தவறு செய்யவில்லை, தாயக்கட்டை தவறாக விழுந்தது. பெர்சோனா 3, 4 இரண்டிலும் இதே விதிதான். நாக்டர்னை நான் எவ்வளவு நேசித்தாலும் இந்த விதியை நேசிக்க முடியவில்லை.

ஃபைனல் ஃபேண்டஸி 13இலும் (2009) தலைவர் விழுந்தால் தோல்விதான். ஆனால் அங்கே மறுபடி முயல்வதைத் தேர்ந்தெடுத்தால் அந்தச் சண்டைக்குச் சற்று முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். விதி ஒன்றேதான். ஒன்றில் அரை நிமிடம் போகிறது, இன்னொன்றில் ஒரு மணி நேரம். என் மூன்றாவது அளவுகோல் இதற்காகத்தான்.

ஊட்டி: நாக்டர்னில் மாட்டடோருக்கு என்ன லெவல் வேண்டும்?

மேலே எழுதியிருக்கிறேன். லெவல் இல்லை, சுகுண்டா.

பூம்பாறை: ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ், பிஎஸ் 1. ரியோவனெஸ் கோட்டைக்குள் சேமித்துவிட்டேன். உள்ளே விகிராஃப் என்ற பாஸோடு கதாநாயகன் ராம்ஸா தனியாக மோத வேண்டும். மூன்று அடியில் செத்துவிடுகிறான். வெளியே வரவும் முடியவில்லை. சேவ் ஒன்றுதான் இருக்கிறது.

படித்ததும் மனசு கனத்துவிட்டது. எனக்கும் இதே இடத்தில் இதே கதி வந்தது. அநியாயத்துக்கு ஒரே ஒரு உதாரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். விகிராஃப் கடினம், பரவாயில்லை. ஆனால் அணியாகவே விளையாடச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஒருவனை மட்டும் தனியே உள்ளே தள்ளுகிறார்கள். அதற்குச் சற்று முன்னால் "சேமிக்கிறீர்களா?" என்று கேட்கிறார்கள். சேமித்தால் கடைக்கோ பயிற்சிக்கோ திரும்ப வழியில்லை என்று ஒரு வார்த்தை இல்லை.

சரி, இப்போது செய்யக்கூடியது. சண்டைக்கு முன் தொழிலையும் திறமைகளையும் மாற்ற விடுவார்கள். ராம்ஸா கெமிஸ்ட் என்ற தொழிலில் கொஞ்சமாவது இருந்து புள்ளி சேர்த்திருந்தால் ஆட்டோ-போஷனைக் கற்று மாட்டுங்கள். அடிவாங்கும்போது அவனே மருந்து குடிப்பான். ஒரு சிக்கல்: கையிருப்பில் உள்ளதில் மட்டமானதைத்தான் முதலில் எடுப்பான். சாதாரண போஷன் 30தான் ஏற்றும், எக்ஸ்-போஷன் 150. உங்கள் பையில் எக்ஸ்-போஷன் மட்டும் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அடுத்தது யெல். ராம்ஸா ஸ்கொயர் என்ற தொழிலில் இருந்து கற்கும் திறமை. ஒருமுறை போட்டால் வேகம் ஒன்று கூடும், தனக்குத்தானே போட்டுக்கொள்ளலாம். சண்டை தொடங்கியதும் அடிக்கவே அடிக்காதீர்கள். விலகி ஓடுங்கள், யெல் போடுங்கள், ஓடுங்கள், யெல். விகிராஃப் ஒருமுறை நகர்வதற்குள் ராம்ஸா இரண்டு மூன்று முறை நகரும் நிலை வரும். அதற்கு அப்புறம் அக்யூமுலேட் போட்டுத் தாக்கும் பலத்தை ஏற்றி, பிறகு வாளை எடுங்கள். முதல் நான்கைந்து முயற்சியில் வேகம் கூடும் முன்பே செத்துப்போவீர்கள். அது சகஜம், மறுபடி செய்யுங்கள்.

அவன் விழுந்ததும் வேலியஸ் என்ற பெரிய உருவமாக எழுவான், உங்கள் மற்ற ஆட்களும் வந்து சேர்வார்கள். கூட வரும் பேய்களைத் தொடாதீர்கள். வேலியஸ் விழுந்தால் சண்டை முடிந்தது.

யெல்லும் இல்லை, ஆட்டோ-போஷனும் இல்லை என்றால் முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. நானும் அதைத்தான் செய்தேன். அன்றிலிருந்துதான் இரண்டு சேவ்.

குன்னூர்: எல்டன் ரிங் மலேனியா?

அது கை வேகமும் கண் வேகமும் பற்றியது. என் துறை இல்லை.

கோத்தகிரி: ரோம் (விளையாட்டின் நகல் கோப்பு) எங்கே இறக்கலாம்?

இதற்குப் பதில் சொல்ல மாட்டேன்.

குன்னூர்: பெர்சோனா 5 ராயலில் ஒகுமுரா பாஸ். முப்பது நிமிடக் கெடு. ரோபோக்களைக் கொல்லக் கொல்லப் புதிதாக வருகின்றன. கடினத்தைக் குறைத்தால் ஏமாற்று என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

ஒவ்வொரு வரிசையையும் இரண்டு சுற்றுக்குள் மொத்தமாக முடிக்க வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் புதிய வரிசை வந்துவிடும். அதனால் ஒன்றை முழுக்கக் கொல்லாமல் எல்லாவற்றையும் சமமாகக் குறைத்துக்கொண்டே போய், கடைசி அடியில் சேர்த்து விழவைக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையின் பலவீனத்தையும் தாளில் குறித்து வைத்துக்கொண்டு, பலவீனத்தில் அடித்தவர் தன் முறையை அடுத்தவருக்குக் கைமாற்றும் 'பேட்டன் பாஸ்' வசதியைச் சுற்றவிடு. வேடிக்கை என்னவென்றால், மெர்சிலெஸ் என்ற கடின நிலையில் பலவீனத்தில் விழும் அடி மூன்று மடங்கு. அதனால் இந்த பாஸ் அங்கேதான் சீக்கிரம் விழும். கடினத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது உன் விருப்பம். மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் விளையாடுகிறவரிடம் போய் ஏமாற்று என்று சொல்வது சரியில்லை. 2020இல் ஜப்பானிலும் 2021இல் வெளியிலும் வந்த நாக்டர்ன் புதுப்பதிப்பில்கூட எளிய நிலை ஒன்றை இலவசமாகவே கொடுத்தார்கள்.

பெருமாள்மலை: பழைய விளையாட்டுகள் இன்னும் அநியாயமாமே?

1987இல் வந்த டிராகன் குவெஸ்ட் 2. கடைசி பாஸ் ஸிடோவை நாம் அடித்து அடித்து இறக்கியிருப்போம். அவன் முழு உயிரையும் ஏற்றிக்கொள்ளும் மந்திரம் போடுவான். அது வந்த ஃபேமிகாம் என்ற ஜப்பானியக் கருவியில் சேமிக்க மெமரி கார்டு கிடையாது. 52 எழுத்து வரைக்கும் வரும் கடவுச்சொல்லைக் கையால் எழுதிக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்தைத் தப்பாக எழுதினாலும் எல்லாம் போச்சு. ஆமாம், இன்னும் அநியாயம்.

ஊட்டி: யுனலெஸ்காவுக்கு என்ன லெவல்?

முதல் பதிலைப் படியுங்கள். இரண்டாவது உருவம் முடியும்போது இருவரை ஸாம்பியாகவே விட்டுவையுங்கள். இனி லெவல் கேள்விகளுக்குப் பதில் கிடையாது.

வெலிங்டன்: அக்கா, பிற்பகல் முழுக்க உட்கார்ந்து சுகுண்டா டீமன் ஒன்றைச் சேர்த்துவிட்டேன். நான்கு முறை போட்டேன். அடி படுகிறது! ஆனால் பாதி உயிரில் மறுபடி ரெட் கபோட் போட்டுவிட்டான். செத்துவிட்டேன்.

மறுபடியும் நான்கு முறை போடு. ஒரு டீமனுக்கு அது மட்டுமே வேலை என்று ஒதுக்கிவிடு, அடிக்க அனுப்பாதே. உன்னைக் கொன்றது மஸானா, வாளா? மஸான் என்றால் அணியில் இன்னும் ஒரு பலவீனமான டீமன் ஒளிந்திருக்கிறது, எது என்று பார்த்து எழுது. இங்கே இப்போதே காற்று கூடிவிட்டது, கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. அடுத்த முயற்சிக்கு முன்னால் இரண்டாவது இடத்தில் சேமித்துவிட்டு வா.