இறங்கும்போது வலிக்கும் முழங்கால்

கேள்வி: எனக்கு வயது 52. பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சென்ற சித்திரையில் நண்பர்களுடன், ஏழு மலைகளை அடுத்தடுத்து ஏறிக் கடக்க வேண்டிய வெள்ளியங்கிரி மலைக்குச் சென்றேன். ஏறும்வரை ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது மூன்றாம் மலையிலிருந்தே இரண்டு முழங்கால்களும் வலித்தன. அடுத்த மூன்று நாள்கள் வீட்டுப் படியில்கூடப் பக்கவாட்டாகத்தான் இறங்கினேன். மூட்டு தேய்ந்துவிட்டதா? இந்த ஆண்டும் போகலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: மூன்று நாள்களில் அடங்கிய வலியை வைத்து மூட்டு தேய்ந்துவிட்டதாக முடிவு கட்ட வேண்டியதில்லை. ஏறும்போது தொடையின் முன்புறத் தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போதோ அதே தசை நீண்டுகொண்டே, உடல் கீழே சரிந்துவிடாமல் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. நாற்காலியில் அமர்ந்து வேலை பார்ப்பவரின் தொடைக்கு இது பழக்கமில்லாத வேலை என்பதால், தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, மறுநாளோ அதற்கு மறுநாளோ வலி உச்சத்துக்குப் போய்ப் பின்னர் தானாகவே குறையும். தசை களைத்துவிட்டால் காலை மெதுவாக இறக்கி வைக்க முடியாமல் 'தொப்பென்று' போடுகிறோம். அந்த அதிர்ச்சி முழுவதும் முழங்கால் மூட்டுக்குப் போகிறது. இரவெல்லாம் தூக்கமின்றி ஏறிவிட்டு, முதல் மலையின் உயரமான கற்படிகளைத் தொடை நடுங்கும் நேரத்தில் கடைசியாக இறங்குவது இந்த மலையின் தனிச் சோதனை.

பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்காதவர் குறைவு. ஆனால் ஏறும்போது ஊன்றிய தடியை இறங்கும்போது தோளில் சாத்திக்கொண்டு வருபவர்களைப் பார்க்கிறேன். தடி உண்மையில் தேவைப்படுவது அப்போதுதான். முதலில் தடியைக் கீழ்ப்படியில் ஊன்றி, கைக்குக் கொஞ்சம் எடையைக் கொடுத்து, அதன் பிறகே காலை வைக்க வேண்டும். சமதரையில் முழங்கை செங்கோணமாக மடியும் இடத்தில் பிடித்தால், இறக்கத்தில் பிடியை ஒரு சாண் மேலே மாற்றிக்கொள்ளுங்கள். ஓட்டமும் குதிப்பும் வேண்டாம். செங்குத்தான இடத்தில் நேராக இறங்காமல் சற்று வளைந்து வளைந்து இறங்கினால் காலுக்கு நல்லது.

பயிற்சியைப் புறப்படுவதற்கு எட்டு வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள். வீட்டு வாசற்படியில் ஒரு காலில் நின்றுகொண்டு, மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாக முழங்காலை மடக்கி, மற்றக் காலின் குதிகாலால் தரையைத் தொட்டுவிட்டு எழ வேண்டும். சுவரைப் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் முழங்கால் உள்பக்கமாகச் சாயக் கூடாது. ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, வாரத்தில் மூன்று நாள் போதும். சமதரையில் தினமும் நடப்பவர்கள்கூட இறக்கத்தில் தடுமாறுவது, இந்தத் தசையை இந்த விதமாகப் பழக்காததால்தான். உடல் எடை கூடுதலாக இருந்தால், குறைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது வீட்டுப் படிகளில் வலியின்றி இறங்க முடிகிறது, மூட்டில் வீக்கமும் இல்லை என்றால் தாராளமாகப் போய்வாருங்கள்.

கேள்வி: மலையேறிவிட்டு வந்த என் கணவருக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. தைலம் தேய்த்து உருவிவிடலாமா? அடுத்த முறை ஏறுவதற்கு முன்பே வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?
- வாசகி, சேலம்

பதில்: முதல் இரண்டு, மூன்று நாள்களுக்கு உருவிவிடுவது கூடாது, உள்ளே காயம் இருந்தால் வீக்கம் அதிகமாகும். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 நிமிடம் வைத்து எடுங்கள். இதை ஒரு நாளில் மூன்று, நான்கு முறை செய்யலாம். க்ரேப் பேண்டேஜை இறுக்காமல் சுற்றி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கலாம். கட்டிலிலேயே கிடக்க வேண்டாம், வலிக்காத அளவுக்கு வீட்டுக்குள் நடக்கட்டும்.

கால் பிசகிய சில மணி நேரத்திலேயே மூட்டு பெரிதாக வீங்கியிருந்தாலோ, மடக்கிய காலை நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ ஜவ்வு கிழிந்திருக்கக்கூடும். மூட்டு சிவந்து காய்ச்சலும் வந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். இவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. 'போதும், நில்' என்று மூட்டு சொல்வது காதில் விழாமல் போய்விடும் என்பது ஒன்று. வியர்த்து உடலில் நீர் குறைந்திருக்கும்போது டைக்ளோஃபெனாக், ஐபூபுரூஃபென் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பது அதைவிட முக்கியம். ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இறங்கி வந்த பிறகும் இவற்றை மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கிப் போடக் கூடாது.