கட்டடத் தகராறு: வேலூர் வட்டார வாசகர்களின் கேள்விகள்

வீடு கட்டி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. தளத்தில் விரிசல், மழைக்கு ஒழுகுகிறது. "பூசிட்டா சரியாயிடும்மா" என்கிறார் கான்ட்ராக்டர். பூசலாமா? – வாசகி, குடியாத்தம்

பூசாதீர்கள். அந்த விரிசல்தான் உங்கள் சாட்சி. தேதியோடு படமெடுத்து, குறையை எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டப்படி சேவைதான். ஆனால் வழக்குப் போடக் கெடு 2 ஆண்டு. சாவி கொடுத்த நாளிலிருந்தே எதிர்த்தரப்பு எண்ண ஆரம்பிக்கும். நுகர்வோர் ஆணையத்தில் போடும் மனுவோடு, இன்ஜினியர் துணையுடன் வக்கீல் கமிஷனர் (நேரில் பார்த்து அறிக்கை தர நியமிக்கப்படும் வக்கீல்) வந்து பார்க்கவும் கேளுங்கள்.

தளத்தில் கோர் (துளைத்தெடுக்கும் உருளை வடிவக் கான்கிரீட் துண்டு) எடுத்துச் சோதிக்கலாம். எம்-20 தரக் கான்கிரீட் என்றால் குறைந்தது மூன்று கோர்; சராசரி வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 17 நியூட்டனாவது வர வேண்டும், எதுவும் 15-க்குக் கீழே போகக் கூடாது. அதில் தேறிவிட்டாலும் சோர்ந்துவிடாதீர்கள்; விரிசலுக்கு வேறு காரணம் இருக்கலாம். சென்ட்ரிங்கைச் சீக்கிரம் பிரித்திருக்கலாம், கம்பி இறங்கியிருக்கலாம், வேலூர் வெயிலில் தண்ணீர் கட்டாமல் விட்டிருக்கலாம்.

பி.இ. சிவில் முடித்து சைட் இன்ஜினியராக இருக்கிறேன். வேலையை விடாமல் வக்கீலாக முடியுமா? – காட்பாடி

முடியாது. மூன்றாண்டு சட்டப் படிப்புக்கு 70 சதவீத வருகை வேண்டும். தபாலில் படித்த சட்டப் பட்டம் பார் கவுன்சிலில் (வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பு) செல்லாது. பதிவு செய்தபின் முழுநேரச் சம்பள வேலையும் கூடாது. சட்டம் படிக்க இப்போதே போகாதீர்கள் என்பேன். எம்-புக் (வேலை அளவுகளைப் பதியும் புத்தகம்) எழுதி, பில் போட்டு, ஒரு வேலையையாவது ஒப்படைத்துவிட்டுப் போங்கள். குறுக்கு விசாரணையில் அந்த அனுபவம்தான் கேள்வி கேட்கும். ஆர்பிட்ரேட்டராக (கோர்ட்டுக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் நடுவர்) உட்கார சட்டப் பட்டமே தேவையில்லை. மூத்த இன்ஜினியர்கள் பலர் உட்காருகிறார்கள். ஒன்று மட்டும்: நிபுணர் சாட்சியாக நிற்கும் வழக்கில் நீங்களே வக்கீலாக வாதாட முடியாது.

ஓனர் வாயால் சொன்ன கூடுதல் வேலைக்குப் பணம் தர மறுக்கிறார். – சிறு கான்ட்ராக்டர், வாலாஜாபேட்டை

இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் செய்த வேலையின் பலனை அவர் அனுபவித்தால் ஈடு கேட்கலாம். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு. வேலை முடிந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போடுங்கள். "பேரபெட்டை ஒரு அடி ஏத்திடு" என்ற வாட்ஸ்அப் குரல் பதிவு இருந்தால் போனை மாற்றாதீர்கள்.

"கம்பெனி நியமிப்பவரே ஆர்பிட்ரேட்டர்" என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. – ராணிப்பேட்டை

அந்த நியமன உரிமை நிற்காது. 2019-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேறு ஆர்பிட்ரேட்டரை நியமிக்கக் கேட்டு, உயர் நீதிமன்றத்தில் 1996 ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் மனு போடலாம். தகராறு வந்தபின் "ஆட்சேபணை இல்லை" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.