களிமண் ஏன் மணல் மாதிரி நெருடுகிறது?

களிமண்ணை மணற்பாங்கு என்று எழுதி ஒவ்வொரு மண் மதிப்பீட்டுப் போட்டியிலும் (மண்ணைக் கையால் சோதித்து வகை சொல்லும் போட்டி) மதிப்பெண் போகிறது என்கிறீர்கள். கோளாறு அநேகமாக மண்ணைப் பிசைவதில்தான். காய்ந்த களிக்கட்டி முழுசாக உடையாவிட்டால் விரலில் மணல் போலவே நெறுநெறுக்கும். துளித்துளியாகத் தண்ணீர் விட்டு, கடைசிக் கட்டியும் கரையும்வரை பிசையுங்கள். அவசரப்பட்டால் போச்சு. பிறகு கட்டைவிரலால் ஆள்காட்டி விரல்மேல் பட்டையாகத் தள்ளுங்கள். 2.5 செ.மீ.க்குள் அறுந்தால் லோம் (மணல், வண்டல், களி மூன்றும் கலந்த மண்). 5 வரை வந்தால் கிளே லோம் (களி கூடுதலான லோம்). அதையும் தாண்டினால் களிமண். மேல்மண், அடிமண் இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள், பலர் கோட்டை விடுவது இங்கேதான். அடிமண்ணில் சாம்பல் நிறத் திட்டுகள் இருந்தால் வடிகால் மோசம் என்று சந்தேகப்படலாம். நிலத்தின் சரிவைக் கணக்கிடுவது சுலபம்: 100 அடிக்கு 4 அடி இறங்கினால் 4 சதவீதம்.