பனிக்கரடியும் பிளாஸ்டிக் பையும்

மதிப்பிற்குரிய ஐயா,

அடுத்த மார்ச் தொடக்கத்தில் கனடாவின் வாபஸ்க் தேசியப் பூங்காவுக்குப் போகிறேன். வளையை விட்டு வெளிவரும் பனிக்கரடித் தாயையும் குட்டிகளையும் படமெடுக்க ஆசை. 600 மிமீ லென்ஸ் வாடகைக்குச் சொல்லியாகிவிட்டது. டர்பன் வெயிலில் பழகிய என் கேமரா அந்தக் குளிரைத் தாங்குமா?
சாட்ஸ்வர்த் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கேமரா தாங்கிவிடும். மைனஸ் 30, 40 டிகிரியில் முதலில் படுப்பது பேட்டரிதான். குறைந்தது நான்கு பேட்டரி வேண்டும். ஒன்று கேமராவில், மற்றவை சட்டைக்குள் உடம்புச் சூட்டில். தீர்ந்ததாகக் காட்டுவதையும் உள்ளே போட்டு வையுங்கள். சூடேறினால் இன்னும் கொஞ்சம் ஓடும். விமானத்தில் உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும். அங்கே 120 வோல்ட். நம் வீட்டு மூன்று முள் பிளக் நுழையாது.

கேமராவைக் கெடுப்பது ஈரம். பிப்ரவரி மதியம் ஏசி காரை விட்டு இறங்கியதும் டர்பனில் லென்ஸ் வெளுத்துப்போகுமே, அதேதான். அங்கே அது அறைக்குள் நுழையும்போது நடக்கும். ஆகவே வெளியிலேயே மெமரி கார்டைக் கழற்றிவிட்டு, கேமராவைக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி, வாயை இறுக்கிக் கட்டுங்கள். உள்ளே வந்து 2, 3 மணி நேரம் திறக்கக் கூடாது. ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும், படியட்டும். அவசரப்பட்டுத் திறந்து, நனைந்த லென்ஸோடு மறுபடி வெளியே போனால் ஃபோகஸ் வளையம் உறைந்து திரும்பாது. கண்ணாடியில் பொடிப்பனி விழுந்தால் வாயால் ஊதவே ஊதாதீர்கள், மூச்சே பனிப்படலமாகிவிடும். தூரிகை போதும்.

படம் மங்கினால் பலரும் லென்ஸைத் திட்டுவார்கள். பாதி நேரம் குற்றவாளி வண்டிதான். சூடான வண்டியின் ஜன்னல் வழியாகவோ, ஓடும் எஞ்சினுக்கு மேலாகவோ எடுத்தால் அனல் அலையில் குட்டியின் ரோமம் நெளியும். எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள், அல்லது இறங்கி நில்லுங்கள்.

வெள்ளைப் பனியைக் கேமரா சாம்பல் நிறமாகக் காட்டும். எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) 1 முதல் 1.7 ஸ்டாப் வரை கூட்டுங்கள். கரடி ரோமத்தில் ஒரு மஞ்சள் சாயல் உண்டு, ஹிஸ்டோகிராம் (திரையில் ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டினால் அது போய்விடும். ஜூலையில் நம் டிராகன்ஸ்பெர்க் மலையின் சானி கணவாயில் பனி விழுந்தால் போய்ப் பழகலாம்.

தூரத்தில் மட்டும் பேரம் பேசாதீர்கள். அந்தத் தாய் மாதக்கணக்கில் பட்டினி. குட்டிகளோ 10 கிலோ சொச்சம். அவள் எழுந்து வளைப் பக்கம் திரும்பினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். நார்வேயின் ஸ்வால்பார்டில் 2025 முதல் மார்ச் 1 தொடங்கி ஜூன் 30 வரை 500 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம். வாபஸ்கில் வழிகாட்டி சொல்லும் இடமே இடம்.

விரல் அடுத்த கவலை. மெல்லிய உள்ளுறை, அதன்மேல் தடித்த கையுறை. உள்ளுறையோடு பேட்டரி மாற்ற இப்போதே பழகுங்கள், பார்க்காமல்.