சனிக்கிழமைத் தோட்டக்காரர்

அன்புள்ள ஐயா,

சென்னையில் வேலை. வெள்ளி இரவு கடலூர் வந்து ஞாயிறு இரவு கிளம்பிவிடுவேன். புதுச்சேரி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி பார்த்த ஆசையில் நர்சரியிலிருந்து பெட்டூனியா வாங்கி மாடியில் வைத்தேன். பங்குனியில் எல்லாம் கருகிவிட்டது. மார்ச், ஏப்ரல்தான் விதைக்கும் காலம் என்று காணொளிகளில் சொல்கிறார்களே? ஏழு வயது மகளுக்கு ஆர்வம் உண்டு. நான்கு வயது மகன் விதைத்ததை எல்லாம் தோண்டிப் பார்க்கிறான். "வாரம் முழுக்கத் தண்ணீர் ஊற்றுவது நான், தோட்டக்காரர் என்ற பெயர் உங்களுக்கு" என்கிறாள் மனைவி. என்ன செய்யலாம்?

ஒரு வாசகர், மஞ்சக்குப்பம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவியின் கட்சியில் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

பெட்டூனியா பனிக்காலத்துச் செடி. நம் கடற்கரை வெயிலில் அது பங்குனியைத் தாண்டாது, வருந்த வேண்டாம். குளிர்நாடுகளில் உறைபனி விலகி மண் இளகுவது மார்ச், ஏப்ரலில். அதனால் அவர்கள் அப்போது விதைக்கிறார்கள். நமக்கோ அப்போதுதான் மண் காயத் தொடங்குகிறது. சித்திரையில் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை போல வெயில் தாங்குபவை மட்டுமே தேறும்.

அதிலும் வெண்டையை உங்களுக்குச் சொல்லமாட்டேன். 45 நாளில் காய்க்கும், உண்மைதான். ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். சனிக்கிழமைக்குக் காத்திருந்தால் நார் ஏறிப்போய்க் கத்திக்கும் அடங்காது. அக்கினி நட்சத்திரத்தில் மாடிப் பைகளுக்கு இரண்டு வேளைத் தண்ணீர் வேறு. வீட்டில் இருப்பவர் தாமாக விரும்பினால் ஒழிய, வெண்டை உங்கள் செடி அல்ல.

பத்துமணிப்பூ வையுங்கள். தண்டைக் கிள்ளி நட்டாலே வேர் பிடிக்கும். இலையிலும் தண்டிலும் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்வதால் ஒருநாள் தண்ணீர் தவறினாலும் முகம் சுளிக்காது. வெயில் ஏறிய பிறகுதான் விரியும் என்பதால் ஞாயிறு காலை தாமதமாக எழும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான பூ இல்லை. மகள் கேட்டால் ஒரு பை தண்டுக்கீரை. விதையை மணலில் கலந்து தூவச் சொல்லுங்கள், ஓரிடத்தில் குவியாது. எறும்பு இழுத்துப் போகாமலிருக்க மேலே கொஞ்சம் சாம்பல். சனிக்கிழமை தூவினால் அடுத்த வாரம் நீங்கள் வரும்போது முளைத்திருக்கும், மூன்று நான்கு வாரத்தில் கடையலாம். ஆனால் தினமும் பூவாளியால் தெளிக்க வேண்டும். அந்த வேலையை மகள் ஏற்றுக்கொண்டால் மட்டும் தொடங்குங்கள்.

கடை விதையில் இளஞ்சிவப்போ நீலமோ பூசியிருந்தால் அது பூஞ்சண மருந்து. குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். மருந்து கலக்காத நாட்டு விதையாகக் கேட்டு வாங்குங்கள்.

மகனுக்கு விதையே இல்லாத ஒரு தொட்டி கொடுத்துவிடுங்கள். செம்மண், ஒரு பழைய கரண்டி, ஒரு குவளைத் தண்ணீர். நான்கு வயதில் தோண்டுவதுதான் தோட்டவேலை. அவனுக்குச் செடியின் பொறுமையைக் கற்றுத்தருகிறேன் என்று இறங்கினால் உங்கள் பொறுமைதான் முதலில் தீரும்.

வாரத்துக்கு ஒருமுறை மட்டும் செய்தாலே போதும் என்கிற வேலையும் ஒன்று இருக்கிறது, யாரும் அதைத் தோட்டக்கலையில் சேர்ப்பதில்லை. தொட்டிக்கு அடியில் உள்ள தட்டுகளைக் கவிழ்ப்பது. டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் ஆகும். சனிக்கிழமைதோறும் மகன் தண்ணீரைக் கொட்டட்டும், நீங்கள் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், கொட்டினால் மட்டும் போகாது.

தக்காளி, கத்தரி ஆசையை ஆடிப்பட்டத்துக்குத் தள்ளிவையுங்கள். எந்தத் தொட்டியையும் மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் வைக்க வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலைப் பார்த்த ஊர்க்காரருக்கு இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

அன்புடன்.