மழைக்காலத்தில் தரைவிரிப்பில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

நான் இருப்பது கூடலூரில். ஜூன் தொடங்கினால் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. சில வாரம் வெயிலையே பார்க்க முடியாது. இங்கே குடிவந்த முதல் வருஷம், அம்மா கொடுத்த பவானி ஜமக்காளத்தைக் கூடத்தில் விரித்து வைத்திருந்தேன். தினமும் பெருக்குவேன், மேலே ஒரு கறை கிடையாது. ஆடி பிறந்த சமயம், மகள் காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்ம ஆரம்பித்தாள். வருஷக்கணக்கில் திறக்காத டிரங்குப் பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாடை கூடத்தில் வந்தது. ஒரு நாள் மூலையைத் தூக்கிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கச் சாம்பலும் பச்சையுமாகப் புள்ளிகள். சிவப்புக் கரையின் சாயம் தரையில் இறங்கியிருந்தது. விரலால் தொட்டால் ஜில்லென்று ஈரம்.

அதனால் முதலில் சொல்ல நினைப்பது, விரிப்பின் மேல்பக்கத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். சிமெண்டுத் தரை, ரெட் ஆக்சைடு தரையெல்லாம் காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். ஈரக்காற்று அதில் பட்டதும் பனித்துளி மாதிரி நீர் கோக்கும். மேலே விரிப்பு கிடந்தால் அது உலர வழியே இல்லை. பருத்தியும் சணலும் பூஞ்சைக்கு நல்ல தீனி. பிளாஸ்டிக் நூல் விரிப்பு என்றாலும் தப்பாது. நூலைத் தின்னாவிட்டாலும் அதில் படியும் தூசியைத் தின்று வளரும். அடியில் ரப்பர் ஒட்டிய விரிப்பை மழைக்காலத்தில் போடவே வேண்டாம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒன்றரை அடி சதுரத்தில் பாலிதீன் தாளைத் தரையில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு அடியில் நீர் கோத்திருந்தால் தரையே ஊறுகிறது. விரிப்பை எடுத்துவிட்டு ஒழுக்கையோ தரையையோதான் முதலில் சரிசெய்ய வேண்டும். தாளின் மேல்பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம். எங்கள் வீட்டில் மேல்பக்கம்தான்.

அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. அதற்கு ஹைக்ரோமீட்டர் என்ற சின்ன மீட்டர் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் சமையலறை உப்பு ஜாடியைப் பாருங்கள். தூய உப்பு 75 சதவீதத்தைத் தாண்டினால் நீர்விடும். கல் உப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் அதற்கு முன்பே கசியும். உப்பு கசிகிற நாளில் நான் விரிப்பைச் சுருட்டிவிடுவேன். மழைக்காலத்தில் கூடத்துக்குள் துணி காயப்போடும் பழக்கத்தையும் விட்டோம். அதிலிருந்து எழும் ஈரம் முழுக்க வீட்டுக்குள்தானே சுற்றுகிறது!

விரித்தே ஆகவேண்டும் என்றால் தரையைத் துடைத்தபின் ஒரு மணி நேரமாவது காயவிட்டு விரியுங்கள். சுவரிலிருந்து அரையடி தள்ளி இருக்கட்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை இரண்டு நாற்காலிகளின் மேல் போட்டு, அடிப்பக்கம் காற்றுப் படும்படி ஃபேனை ஓடவிடுங்கள். தண்ணீர் கொட்டிவிட்டால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் முழுக்கக் காய்ந்துவிட வேண்டும். அதற்குமேல் போனால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும்.

ஏற்கனவே பிடித்துவிட்டதா? வீட்டுக்குள் உதறாதீர்கள், அந்தத் தூசி மூச்சுக்குள் போகும். வெளியே கொண்டுபோய், மூக்கையும் வாயையும் மாஸ்க்கால் மூடிக்கொண்டு பிரஷ்ஷால் தட்டி, சோப்புத் தண்ணீரில் அலசி, இரண்டு பக்கமும் வெயிலில் போடுங்கள். வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்தும் துடைக்கலாம். சாயம் போகிறதா என்று ஒரு மூலையில் பார்த்துக்கொள்ளுங்கள். பிளீச்சையும் வினிகரையும் சேர்த்து மட்டும் ஊற்றிவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். வேப்பிலையும் அந்துருண்டையும் பூச்சிக்குத்தான், பூஞ்சணத்தை நிறுத்தாது. நல்ல வெயிலில் இரண்டு நாள் காய்ந்த பிறகும் வாடை அடித்தாலோ, வீட்டில் வீசிங் உள்ளவர்கள் இருந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

எங்கள் ஜமக்காளம் தப்பித்தது. கரையோரத்தில் கொஞ்சம் கறை மட்டும் நின்றுவிட்டது. இப்போது மே மாதக் கடைசி வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, மடிக்காமல் சுருட்டி, பழைய வேட்டியில் சுற்றிக் கட்டிலின் மேல் வைத்துவிடுகிறோம். பிளாஸ்டிக் கவரில் போடுவதில்லை. மிச்சமிருக்கும் ஈரம் உள்ளேயே வேர்த்துவிடும். மழை விட்டு, உப்பு ஜாடி உலர்ந்த பிறகுதான் மறுபடி விரிப்போம்.