சூரியப் புள்ளிகளை நம்பி மானாவாரி விதைப்பைத் தள்ளிப் போடலாமா?

கேள்வி: மானாவாரியில் நிலக்கடலை போட நிலத்தை உழுது வைத்திருக்கிறேன். சூரியனில் புள்ளிகள் கூடினால் அண்டக் கதிர் குறையும், மேகம் கூடாது, மழை பொய்க்கும், வந்தால் புயலாகத்தான் வரும் என்று கைபேசியில் ஒரு வீடியோ சுற்றுகிறது. விதைப்பைத் தள்ளிப் போடட்டுமா? மருந்து அடிக்க ட்ரோன் வைத்திருக்கிறேன். சூரியப் புயலால் அதற்கும் பாதிப்பு வருமா?

பதில்: விதைப்பைத் தள்ளிப் போட வேண்டாம். ஆனால் ட்ரோன் விஷயத்தில் நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த வீடியோவில் சொல்வது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. சூரியப் புள்ளிகள், அதாவது சூரியனின் முகத்தில் தெரியும் கரும்புள்ளிகள், ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒரு சுற்றாகக் கூடிக் குறைகின்றன. புள்ளிகள் கூடும்போது சூரியனிலிருந்து பரவும் காந்தப்புலம் வலுத்து, விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்களில் ஒரு பகுதியைத் தடுத்துவிடும். 1997-ல் ஸ்வென்ஸ்மார்க், ஃப்ரிஸ்-கிறிஸ்டென்சன் என்ற டென்மார்க் ஆய்வாளர்கள், அண்டக் கதிர் குறைந்தால் மேகமும் குறைகிறது என்று ஒரு கணக்கைக் காட்டினார்கள். வீடியோவின் வேர் அங்கேதான். அடுத்தடுத்த ஆண்டுகளின் மேகக் கணக்கு அதோடு ஒத்துப்போகவில்லை.

ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் 'கிளவுட்' என்ற சோதனையில் இதை நேரடியாகவே பார்த்தார்கள். பெரிய எஃகுக் கலத்துக்குள் காற்றை அடைத்து, துகள் கற்றையைப் பாய்ச்சினார்கள். நுண்துகள்கள் உருவாவதை அந்தக் கதிர்கள் தூண்டுவது உண்மைதான். ஆனால் அவை பிறக்கும்போது ஒன்றிரண்டு நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) அளவுதான் இருக்கும். மேகத்துளி பிடிக்க ஐம்பது, நூறு நானோமீட்டராவது வளர வேண்டும். முளைத்த பயிரெல்லாம் கதிர் பிடிப்பதில்லையே, அதுபோலப் பெரும்பாலானவை வழியிலேயே அழிந்துபோகும். கடல் உப்பு, தூசி, புகை என்று மேகம் கூடத் தேவையான துகள்கள் காற்றில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. அண்டக் கதிரின் ஏற்ற இறக்கம் மேகத்தை மாற்றும் அளவுக்கு வலுவானதல்ல என்றுதான் அந்தக் குழுவின் பிற்காலக் கணக்கும் சொன்னது.

சரி, சூரிய வெயிலே கூடிக் குறையாதா? கூடும். ஒரு சுற்றில் ஏறத்தாழ 0.1 சதவீதம். அவ்வளவுதான்.

விவசாயத்தையும் சூரியப் புள்ளியையும் முடிச்சுப் போடுவது இன்று நேற்று தொடங்கியதல்ல. 1801-லேயே வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர், புள்ளி குறைந்த காலங்களில் கோதுமை விலை ஏறியதாகச் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், அவருக்குப் புள்ளி குறைவது கெடுதல், உங்கள் வீடியோவுக்குப் புள்ளி கூடுவது கெடுதல்! அவர் சொன்ன தொடர்பும் புள்ளியியல் சோதனையில் நிற்கவில்லை.

இனி வீடியோ சொல்லும் புயலுக்கு வருவோம். வெப்பமண்டலப் புயல் உருவாகப் பொதுவாகக் கடல் மேற்பரப்பு 26.5 டிகிரி செல்சியஸாவது சூடாக இருக்க வேண்டும். மேல்காற்றும் கீழ்க்காற்றும் பெரிதாக முரண்படக் கூடாது. பருவமழை கூடுமா குறையுமா என்பதிலும் எல் நினோ போன்ற கடல் மாற்றங்களுக்குத்தான் பங்கு அதிகம். ஆகவே வானிலைத் துறையின் பருவ முன்னறிவிப்பையும், விதைக்கும் வாரத்தில் ஐந்து நாள் முன்னறிவிப்பையும் பாருங்கள். அதைவிட முக்கியம் உங்கள் மண். ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். கையில் ஒட்டாமல் உருண்டையாக நின்றால் பதம் சரி, விதைக்கலாம். மேல்மண் மட்டும் நனைந்த மழையை நம்பி விதைத்தால் முளைப்பு கெடும்.

இப்போது ட்ரோன். சூரியப் புயல் என்பது காற்றோ மழையோ இல்லை. சூரியன் வீசியெறியும் துகள்களும் காந்தப்புலமும் பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்குவதுதான் அது. பயிருக்கு அதனால் சேதம் இல்லை. ஆனால் வளிமண்டலத்தின் உயரமான மின் அடுக்கு கலங்கி, ஜிபிஎஸ் கணக்கு பிசகும். 2024 மே 10, 11 தேதிகளில் அடித்த கடும் சூரியப் புயலின்போது அமெரிக்காவில் ஜிபிஎஸ் பார்த்து ஓடும் டிராக்டர்கள் வரிசை தவறின. பலர் விதைப்பையே நிறுத்தி வைத்தார்கள். எனவே கடும் புவிகாந்தப் புயல் (இந்தச் சூரியப் புயலைத்தான் எச்சரிக்கைகளில் அப்படிச் சொல்வார்கள்) எச்சரிக்கை உள்ள நாளில் ட்ரோனைத் தானியங்கி முறையில் பறக்கவிட வேண்டாம். மருந்தடிப்பு ஓரிரு நாள் தாமதமானால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வரிசை தப்பிப் பக்கத்து வயலில் களைக்கொல்லி விழுந்தால்தான் வம்பு.